சத்தம் போடாத கதை: ‘கோவேறு கழுதைகள்’ நாவலும் நம் வாசிப்பின் வரலாறும்



இம்மன்றத்தின் தொடக்க காலத் தோழர் ஒருவரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவு இது. அவர் மேடையில் பேசியது குறைவு, எங்களைப் படிக்க வைத்தது அதிகம். கூட்டம் முடிந்து நாங்கள் பாய் சுருட்டிக்கொண்டிருக்கும்போது ஜோல்னாப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டுவார். “படிச்சுட்டுச் சண்ட போடு தம்பி, படிக்காமப் போடாத” என்பார். அப்படி அவர் கொடுத்து, நாங்கள் சண்டை போட்டு, தூக்கி வைத்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்து வெட்கத்தோடு மீண்டும் கையில் எடுத்த ஒரு நாவலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அது இமையம் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’.

‘நாங்கள்’ என்று இங்கே சொல்வது, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படித்து, இந்த மன்றத்தின் வாசிப்பு வட்டத்துக்கு வந்து சேர்ந்த தலைமுறையை. ஒரு நாவலை நாங்கள் எப்படித் தவறவிட்டோம், பிறகு எப்படிக் கண்டடைந்தோம் என்பதைச் சொன்னால், தமிழ்நாட்டில் தலித் வாசிப்பு நடந்து வந்த பாதையில் ஒரு சிறு பகுதியையும் சொன்னதாகும்.

புத்தகம் வந்த காலம்

1991 அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு. அதை ஒட்டிய ஆண்டுகளில் தமிழில் தலித் இலக்கியம் என்ற பெயர் ஒரு கொடியைப் போல ஏறியது. 1989-இல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தன. ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்கள் தலித் அரசியலையும் அழகியலையும் விவாதித்தன. மராத்தியில் 1972-இல் தலித் பேந்தர்ஸ் எழுப்பிய குரல் ஏறத்தாழ இருபதாண்டு கழித்து இங்கே வந்து சேர்ந்தது. அந்த எழுத்தின் ஓசை நமக்குப் பிடித்திருந்தது. கோபமும் வசையும் கலகமும் இருந்தன. அடிபட்டவன் முதன்முதலில் வாய் திறக்கும்போது சத்தம் வரத்தான் செய்யும். அதில் தவறேதும் இல்லை.

இந்தச் சத்தத்துக்கு நடுவே 1994-இல் க்ரியா வெளியிட்ட நாவல் ‘கோவேறு கழுதைகள்’. எழுதியவர் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். அண்ணாமலை என்பது இயற்பெயர். அதுவே அவருடைய முதல் நாவல். சுந்தர ராமசாமி அதை மிக உயர்வாக மதிப்பிட்டார். பின்னர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தலித் வட்டாரங்களிலோ கடும் எதிர்ப்பு எழுந்தது. நாங்கள் படிக்க வந்தபோது புத்தகத்தோடு அந்த எதிர்ப்பும் சேர்ந்தே எங்கள் கைக்கு வந்தது. முதல் பக்கத்தைப் புரட்டும் முன்பே எங்களுக்குத் தீர்ப்பு தெரிந்திருந்தது.

நாங்கள் வைத்த இரண்டு குற்றச்சாட்டுகள்

முதல் குற்றச்சாட்டு: இந்த நாவல் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. கதையின் மையம் ஆரோக்கியம் என்னும் வண்ணாத்தி. அவள் துணி வெளுப்பது ஊர்த்தெருவுக்கு அல்ல, காலனிக்கு. அதாவது நமக்கு. புதிரை வண்ணார் எனப்படும் அந்தச் சமூகம் தலித்துகளுக்குத் துணி வெளுத்து, பிள்ளைப்பேறு பார்த்து, சாவுச் சடங்கு செய்து வாழ்ந்த சமூகம். ஊர்த்தெருக்காரர்கள் நாவலில் அரிதாகவே தலைகாட்டுகிறார்கள். கண்ணெதிரே நடக்கும் அவமதிப்பையெல்லாம் செய்பவர்கள் காலனி ஆட்கள். “ஊரான் செஞ்சத எழுதாம நாம செஞ்சத எழுதியிருக்கான். இதப் படிக்கிற ஊரான் என்ன சொல்லுவான்? ‘பாரு, உங்களுக்குள்ளயே இருக்கு’ன்னு சொல்ல மாட்டானா?” என்று விடுதி மாடியில் இரவு இரண்டு மணி வரை வாதாடியிருக்கிறோம்.

இரண்டாவது குற்றச்சாட்டு: இந்த நாவலில் எதிர்ப்பே இல்லை. ஆரோக்கியம் கேட்கிறாள், கெஞ்சுகிறாள், புலம்புகிறாள், அந்தோணியாரிடம் முறையிடுகிறாள். எழுந்து நின்று ஒரு சொல் கேட்பதில்லை. ஆசிரியரும் அவளுக்காக ஒரு சொல் கேட்பதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். விடுதலையைப் பேசாத தலித் இலக்கியம் எதற்கு என்று கேட்டோம். போதாக்குறைக்கு, தலித் எழுத்தாளர் என்ற அடையாளத்தையே ஏற்காதவர் அவர். எங்கள் தீர்ப்பு உறுதியாயிற்று.

எதிர்ப்பு இல்லை என்று சொன்னோம். எங்களை எதிர்க்க அவளுக்கு என்ன வழி இருந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை. அதைக் கேட்க எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரு சான்றிதழுக்காக அலைந்தபோது

படிப்பு முடிந்து இயக்க வேலைகளில் இறங்கிய பிறகு, புதிரை வண்ணார் குடும்பத்துப் பையன் ஒருவனின் சாதிச் சான்றிதழுக்காக எங்களில் சிலர் அலைய நேர்ந்தது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் புதிரை வண்ணான் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் ‘வண்ணார்’ என்று எழுதி மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள், அல்லது எதையும் கொடுக்காமல் இழுத்தடிப்பார்கள். சேரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வீடாக ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கும் மக்கள் அவர்கள். தாலுகா அலுவலகத்தில் கூடி நின்று கேட்கும் எண்ணிக்கை அவர்களுக்கு இல்லை.

அந்த அலுவலகத்தில் சொன்ன பதில் இது: “இவங்க உங்க காலனிக்குத்தான் துணி வெளுக்கறாங்கன்னு உங்க பெரியவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.” அந்தப் பையன் கல்லூரியில் சேர வேண்டியவன். அவன் அப்பா துணிப்பொதி தூக்குவதை விட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விட்ட ஊழியத்தை இன்னும் செய்வதாக எழுதிக் கொடுத்தால்தான் அவன் யார் என்பதற்குச் சான்று.

நாங்கள் எங்கள் தெருப் பெரியவர்களிடம் போனோம். அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிறவர்கள், எங்களை மேடையேற்றிக் கைதட்டுகிறவர்கள். அவர்களில் ஒருவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மிக இயல்பாக, கோபமே இல்லாமல் கேட்டார்: “எழுதித் தர்றோம் தம்பி, அதுக்கென்ன. ஆனா இவனும் படிக்கப் போயிட்டா நம்ம தெருவுல சாவு விழுந்தா யாரு வருவா?”

தோழர்களே, இந்தக் கேள்வி நமக்குப் புதிதா? சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று நம் அப்பாக்கள் சொன்னபோது ஊர் கேட்ட கேள்வி இதுதான். “நீங்க வரலன்னா யாரு வருவா?” அதே கேள்வியை, அதே சொற்களில், நம் திண்ணையில் உட்கார்ந்து நம் வாய் கேட்டது.

அன்றிரவு எங்களில் ஒருவர் மறந்துபோன அந்த நாவலைத் தேடி எடுத்தார்.

இரண்டாம் வாசிப்பில் கண்டது

இப்போது அதே பக்கங்கள் வேறு மாதிரி படித்தன. நாவலில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்று முன்பு நினைத்திருந்தோம். நடப்பதெல்லாம் வேலை. துணி எடுப்பது, வெள்ளாவி வைப்பது, துறையில் அடித்துத் துவைப்பது, உலர்த்துவது, பொதி கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது. இரவானால் வீடு வீடாகப் போய் ராச்சோறு வாங்குவது. அறுவடைக் களத்தில் தன் பங்குத் தானியத்துக்குக் காத்து நிற்பது. பிரசவத்துக்குக் கூப்பிட்டால் ஓடுவது, சாவு என்றால் முதல் ஆளாய்ப் போவது. இமையம் இதையெல்லாம் அந்த வட்டாரப் பேச்சுமொழியில், எதையும் உயர்த்தாமல் தாழ்த்தாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

இந்த வேலைகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால்தான் கதை பேசத் தொடங்கும். பிறந்த குழந்தையின் முதல் துணியும் செத்தவரின் கடைசித் துணியும் ஆரோக்கியத்தின் கையில். பெண்களின் தீட்டுத்துணியும் அவள் கையில். காலனியில் யாருக்கும் அவளிடம் மறைக்க ரகசியம் கிடையாது. ஆனால் அவளுக்கென்று கூலி பேசும் உரிமை கிடையாது. இவ்வளவுக்கு இவ்வளவு என்ற கணக்கு இல்லை. கொடுப்பவர் மனம் போல மரக்கால் நிறையும் அல்லது குறையும். உழைப்புக்குக் கிடைப்பது உரிமையாக வந்து சேராமல் தருமம் போல விழுகிறது. அதனால்தான் அவள் கேட்கும்போதெல்லாம் அது கெஞ்சலாகிறது. இது அவள் குணத்தின் பலவீனம் என்று நாங்கள் படித்திருந்தோம். அவள் கூலி வாங்கும் முறைதான் அவள் குரலைக் கெஞ்சலாக்கியது என்பது இரண்டாம் வாசிப்பில் புரிந்தது.

மகள் மேரியைக் காலனி ஆள் ஒருவனே சீரழிக்கிறான். எங்கள் முதல் வாசிப்பில் இந்த இடத்தில்தான் கோபம் தலைக்கேறியது. “ஏன் இதை எழுதினான்?” என்று ஆசிரியர் மேல் வந்த கோபம் அது. செய்தவன் மேல் அவ்வளவு கோபம் வந்ததாக நினைவில்லை. ஊர்த்தெருக்காரன் ஒருவன் நம் பெண்ணுக்குச் செய்ததாக ஒரு கதையில் வந்திருந்தால் எங்கள் கோபம் யார் மேல் பாய்ந்திருக்கும் என்று இன்று யோசித்தால் தலை குனிகிறது. அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கேட்டு நிற்க ஓர் இடமில்லை. ஆசிரியர் அங்கே நமக்கு ஆறுதல் தரும் ஒரு பஞ்சாயத்தைக் கூட்டவில்லை. ஒரு வீரனை அனுப்பவில்லை. அப்படி அனுப்பியிருந்தால் நாம் அவனோடு நம்மை அடையாளப்படுத்திக்கொண்டு, குற்றத்திலிருந்து எளிதாக வெளியேறியிருப்போம்.

நாவல் நகர நகரக் காலம் மாறுகிறது. காலனியிலும் மாற்றம் வருகிறது. பழைய ஊழியத்தின் தேவை குறைகிறது. பிள்ளைகள் பிரிகிறார்கள். அடிமைமுறை தளர்வது நல்லதுதானே? ஆனால் ஆரோக்கியத்துக்கு நிலம் இல்லை, வேறு தொழில் இல்லை, படிப்பு இல்லை. ராச்சோறும் களத்துத் தானியமும் குறையும்போது அவளுக்கு விடுதலை வரவில்லை, பசிதான் வருகிறது. ஊழியத்தை ஒழிப்பதையும் ஊழியம் செய்தவருக்கு வாழ வழி செய்வதையும் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன அறிக்கை எதையும் நாங்கள் படித்ததில்லை.

பாடப்புத்தகம் சொன்னதும் நாவல் சொன்னதும்

சமூகவியல் வகுப்பில் இந்த உறவுமுறைக்கு ‘ஜஜ்மானி’ என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். வில்லியம் வைசர் 1936-இல் வட இந்தியக் கிராமம் ஒன்றை வைத்து எழுதிய நூலிலிருந்து அந்தப் பாடம் தொடங்கும். ஒவ்வொரு சாதியும் மற்றொன்றுக்குச் சேவை செய்து தானியம் பெறும், ஒருவரை ஒருவர் சார்ந்த ஏற்பாடு என்பது அதன் சாரம். 1959-இல் பீடல்மன் போன்றோர் இதை மறுத்து, நிலம் வைத்திருப்பவரின் அதிகாரமே இந்த ஏற்பாட்டின் உயிர் என்றார்கள். மராத்தியில் இதே தானியப் பங்குக்குப் ‘பலுதம்’ என்று பெயர். 1978-இல் வந்த தன் வரலாற்றுக்கு தயா பவார் ‘பலுத’ என்று தலைப்பு வைத்ததை நினைத்துப் பாருங்கள். கூலியாக வந்த இழிவின் பெயர் அது.

இதைவிட நம்மை நேரடியாகத் தொட்டது மைக்கேல் மொஃபாட் 1979-இல் வெளியிட்ட ஆய்வு. செங்கல்பட்டு மாவட்டத்தின் எண்டவூர் கிராமத்தில் அவர் களப்பணி செய்தார். தீண்டப்படாதவர்கள் தங்களை விலக்கிவைத்த சாதிய அமைப்பையே தங்களுக்குள் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள், தங்களுக்கென்று தனியாக ஒரு வண்ணாரை வைத்திருப்பது வரை, ஆகவே அவர்கள் சாதியின் மதிப்பீடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஜோன் மென்ச்சர் போன்றோர் அதற்கு முன்பே, 1974-இல், அடித்தட்டிலிருந்து பார்த்தால் சாதி ஒரு சுரண்டல் ஏற்பாடாகவே தெரிகிறது என்று எழுதியிருந்தார். ஆயினும் மொஃபாட்டின் வாதம் வகுப்பறைகளில் நம் முகத்தில் அறைந்தது. உண்மையைச் சொன்னால், ‘கோவேறு கழுதைகள்’ மேல் எங்களுக்கு இருந்த பயத்தின் அடியில் இருந்தது இதுதான். அந்த நாவல் மொஃபாட்டுக்குச் சாட்சி சொல்லிவிடும் என்று பயந்தோம்.

திரும்பப் படித்தபோது நாவல் மொஃபாட்டுக்குச் சாட்சி சொல்லவில்லை. நகல் இருக்கிறது, அதை நாவல் மறைக்கவில்லை. ஆனால் நகல் இருப்பதாலேயே சம்மதமும் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஆரோக்கியம் ஒரு நாளும் தனக்குக் கிடைப்பது நியாயம் என்று நம்புவதில்லை. புத்தகம் முழுக்க அவள் முறையிட்டுக்கொண்டே இருக்கிறாள். களத்தில் முணுமுணுக்கிறாள், சாமியிடம் வழக்காடுகிறாள், புருஷனிடம் பொருமுகிறாள், தனியாக இருக்கும்போது தன் விதியைத் திட்டுகிறாள். சம்மதித்தவர்கள் இப்படி ஓயாமல் முறையிட மாட்டார்கள். களப்பணிக்கு வரும் ஆய்வாளரிடம் வெளியே நிற்பவர்கள் சொல்லும் பதில் வேறு, இருட்டில் சோற்றுக்குண்டானோடு திரும்பும் வழியில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு. அந்த இரண்டாவது பேச்சை நாவல் கேட்டிருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால் ஆசிரியர் தன் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும். இமையம் செய்தது அதுதான்.

அப்படியானால் நகல் எங்கிருந்து வருகிறது? நாவலில் ஊர் ஏன் அரிதாகவே வருகிறது என்ற எங்கள் பழைய கேள்விக்கு விடையும் இதில் இருக்கிறது. ஊர் வர வேண்டிய தேவையே இல்லை. ஊர் வண்ணார் சேரித் துணியைத் தொடமாட்டார் என்ற ஒரு விதியை ஊர் விதித்துவிட்டால் போதும், சேரிக்குத் தனி வண்ணார் தேவைப்படுகிறார். ஊர் நம்மைத் தொடாததால் நமக்குக் கீழே ஒருவர் உருவாக்கப்பட்டார். அவரைக் கீழே வைத்திருக்கும் வேலையை நாமே பார்த்துக்கொண்டோம். அம்பேத்கர் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று சொன்னதன் பொருள் இது. ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் கீழே ஒரு படி காட்டப்படுகிறது. அந்தக் கீழ்ப்படி இருக்கும்வரை முழுக் கட்டடத்தையும் இடிக்க அவர் முழு மனதோடு வரமாட்டார். இந்தக் கோட்பாட்டை நாங்கள் மேடைகளில் நூறு முறை விளக்கியிருக்கிறோம். எப்போதும் மேலே கை காட்டித்தான் விளக்கினோம்.

கண்ணில் படாதவர்கள்

இந்தக் கீழ்ப்படியின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 1932 டிசம்பரில் ‘இந்து’ நாளேட்டில், திருநெல்வேலி மாவட்டத்துப் புதிரை வண்ணாரைப் பற்றி ஒரு செய்தி வந்தது. பார்த்தாலே தீட்டு என்பதால் பகலில் வெளியே வர அனுமதி இல்லாத மக்கள், இரவில் நடமாடித் தங்கள் வேலையை முடித்துக்கொள்பவர்கள் என்று அது சொன்னது. தீண்டாமைக்கும் அப்பால் காணாமை என்று ஒன்று இருப்பதை அப்போது பலர் முதன்முறையாக அறிந்தார்கள். அதன் பிறகு இவர்கள் ஆவணங்களிலும் கண்ணில் படாமலே போனார்கள். 2009-இல்தான் தமிழ்நாடு அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. 2019-இல் லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ திரைப்படம் இவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. செய்தித்தாளின் அந்தத் துண்டுச் செய்திக்கும் வாரியத்துக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில், 1994-இல், ஒரு நாவல் இவர்களின் ஒரு குடும்பத்தைப் பெயரும் முகமும் தந்து முழு நூலாக எழுதி வைத்தது. நாமோ அது நம் மானத்தை வாங்குகிறது என்றோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆரோக்கியம், அவள் கணவன் சவுரி, மகள் மேரி என்று பெயர்களே அவர்கள் கிறித்தவர்கள் என்று சொல்கின்றன. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்கள் இன்றும் வெளியே. அப்படியென்றால் ஆரோக்கியத்தின் பேரன் இன்று சான்றிதழ் கேட்டுப் போனால், காலனிக்காரர்கள் எழுதிக் கொடுத்தாலும் அவனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்காது. அவள் முறையிட்ட அந்தோணியாரே அதற்குக் குறுக்கே நிற்பார். இதை நாவல் எங்கும் வாதமாக வைக்கவில்லை. பாத்திரங்களுக்குப் பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டது. மீதி நாம் யோசிக்க வேண்டியது.

நீ, வா, போ

இங்கே எங்கள் சொந்த நினைவு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் காலனியிலும் இரவில் சோறு வாங்க ஒரு பாட்டி வருவார். எங்கள் அம்மாவின் பிரசவத்தைப் பார்த்தவர், எங்களை முதன்முதலில் கையில் ஏந்தியவர். வாசலில் நின்று குரல் கொடுப்பார். பாவாடை, டவுசர் போட்ட நாங்கள் உள்ளிருந்தபடியே, “ஏய், வண்ணாத்தி வந்திருக்கா” என்போம். “இந்தா, புடி” என்போம். அவரோ எங்களைச் “சாமி” என்பார். எங்கள் தாத்தாவை ஊர்த்தெருச் சின்னப் பிள்ளைகள் “டேய்” என்று கூப்பிட்டதை நாங்கள் கவிதையாக எழுதி மேடையில் வாசித்திருக்கிறோம். அந்தப் பாட்டியை நாங்கள் எப்படிக் கூப்பிட்டோம் என்று எந்தக் கவிதையிலும் எழுதவில்லை. அவர் பெயர் என்ன என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆரோக்கியம் என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு நாவல் பக்கம் பக்கமாக அவளோடு நடந்தபோதுதான், எங்கள் வாசலில் நின்றவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும் என்று உறைத்தது.

நாவலின் தலைப்பையும் அப்போதுதான் யோசித்தோம். கோவேறு கழுதை பொதி சுமக்கும், அதற்கு வம்சம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சுமந்தாலும் தன் பெயரைச் சொல்ல ஒரு வாரிசையும் விட்டுப்போக முடியாதவர்களின் கதை என்று அந்தத் தலைப்பை நாங்கள் படித்துக்கொண்டோம்.

ஆரோக்கியத்தின் வாயில் எங்கள் முழக்கத்தை வைத்திருந்தால் அந்த நாவல் எங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் அது அவள் குரலாக இருந்திருக்காது. பெரும்பான்மைக்கு நடுவில் ஒற்றை வீடாக வாழ்ந்து, நாளைய சோற்றுக்கு அதே வாசலுக்குப் போக வேண்டியவளிடம் முழக்கத்தை எதிர்பார்ப்பது, அவளை இன்னொரு பொதி சுமக்கச் சொல்வதுதான்.

அதே அடக்கம், மற்ற நாவல்களில்

இதற்குப் பிறகு நாங்கள் இமையத்தின் மற்ற நூல்களையும் வரிசையாகப் படித்தோம். 2006-இல் வந்த ‘செடல்’, தெய்வத்துக்கென்று பொட்டுக்கட்டி விடப்பட்டுக் கூத்தாடியாக வாழ நேர்ந்த ஒரு பெண்ணின் வாழ்நாள் கதை. 2012 செப்டம்பரில் வந்த ‘பெத்தவன்’ குறுநாவலில், தலித் இளைஞனைக் காதலித்த மகளைக் கொன்றுவிடும்படி ஊர் ஆதிக்கசாதித் தந்தைக்கு ஆணையிடுகிறது. ஓர் இரவு மட்டுமே கதை. அது வெளிவந்த இரண்டே மாதத்தில், நவம்பர் 7 அன்று, தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி எரிந்தது. அந்த நெருப்புக்குப் பின்னால் இருந்ததும் ஒரு கலப்புமணமே. எழுத்தாளர் சோதிடர் அல்லர். ஊர்ப்பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவருக்கு வரப்போவது தெரிந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘செல்லாத பணம்’, தீக்காயம் பட்ட மகளுக்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காத்துக்கிடக்கும் குடும்பத்தின் கதை. எல்லாவற்றிலும் ஒரே முறைதான். மக்கள் பேசுகிறார்கள், ஆசிரியர் குறுக்கிடுவதில்லை. தீர்ப்பு சொல்லும் நாற்காலியைக் காலியாக விட்டுவைக்கிறார். படிக்கிறவர் அதில் உட்காரப் போகும்போதுதான், தான் எதிர்த்தரப்பில் நிற்க வேண்டியவர் என்பது அவருக்குத் தெரிகிறது.

அவரோடு நமக்கு முரண்பாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. தலித் இலக்கியம் என்ற பெயரை அவர் மறுப்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தப் பெயரால் திறந்த கதவுகள் பல. ஆனால் ஒரு நூல் நம் கொடிக்குக் கீழே நிற்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அது உண்மையைச் சொல்கிறதா என்று பார்க்க நாம் பழக வேண்டும்.

நம் முன் உள்ள வேலை

‘உள்ளே இருக்கும் சாதியைப் பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகும்’ என்ற பயம் இன்றும் இருக்கிறது. அது வெறும் கற்பனையான பயமும் அல்ல. ஊரான் அந்த ஆயுதத்தை எடுக்கத்தான் செய்கிறான். இதற்கு நாம் கண்ட பதில் ஒன்றுதான். அவன் சொல்வதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும். சொல்வதோடு நில்லாமல் செய்துவிட வேண்டும். 2009-இல் தமிழ்நாட்டில் அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 விழுக்காடு வந்தபோதும், 2024-இல் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்பளித்தபோதும் நம் கூட்டங்களில் எழுந்த குரல்களை நினைத்துப் பாருங்கள். கருத்து வேறுபாடு இருக்கட்டும். ஆனால் ‘நமக்குள் கீழே யாரும் இல்லை’ என்று தொடங்கும் எந்த வாதத்தையும் ‘கோவேறு கழுதைகள்’ படித்தவர் தொடர முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நாவலைப் படியுங்கள். படித்துவிட்டு ஆய்வுக்கட்டுரை எழுதும் முன், உங்கள் காலனிக்குத் துணி வெளுத்த குடும்பம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அவர்கள் பெயரைக் கேளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் தாலுகா அலுவலகத்துக்கு அவர்களோடு போங்கள். அவர்கள் எண்ணிக்கையில் ஒரே வீடு, ஆனால் நாம் ஒரு தெரு. ஒரு தெருவாகப் போய் நின்றால் அலுவலகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அவர் கேட்டபடி அல்ல. ‘இக்குடும்பத்தார் எங்களுக்கு ஊழியம் செய்கிறார்கள்’ என்று எழுதாமல், ‘இக்குடும்பத்தாரிடம் நாங்கள் ஊழியம் வாங்கியிருக்கிறோம், இனி வாங்க மாட்டோம்’ என்று எழுத வேண்டும் என்று பையனின் அப்பா கேட்டார். தெருவில் மூன்று நாள் சண்டை நடந்தது. கடைசியில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். சாவுக்கு யார் வருவார் என்று கேட்ட பெரியவர் போடவில்லை. அலுவலகம் அந்தக் காகிதத்தை ஏற்க மேலும் எட்டு மாதம் ஆனது.

கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் முதல் பெயர், நாம் இன்று நினைவுகூரும் தோழருடையது.

ஜெய்பீம்.